கிண்டிக் குதிரையும் புத்துப்பட்டுக் குதிரையும்

நம் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு குடும்பத்தோடு போன மாதம் ஒரு ஞாயிறு காலை கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோவிலுக்கு நடந்து போனேன். மஞ்சனீஸ்வரர் சந்நிதியைப் பார்த்துவிட்டு, வெளியே கோவில் காட்டின் ஓரமாக நிற்கும் குதிரைகளைச் சுற்றி வந்தோம். அவர்கள் வீட்டுச் சின்னப் பையன் ஒவ்வொரு குதிரையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எது ஃபர்ஸ்ட் வரும்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. இதே இடத்தில் நின்று அவரும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

நம் செய்திமடலில் இதுவரை உப்பளம், பக்கிங்காம் கால்வாய், கோவில் காடு என்று இந்தப் பக்கத்து விஷயங்களையே எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை கிண்டி வரை போய்விட்டு வரலாம். மரக்காணத்து உப்பளத்தில் கணக்கு எழுதிய ஒரு மனிதர் இருபது வருஷம் கிண்டிக்குப் போய்வந்த கதை இது. அவர் போன இடத்தின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் குதிரை. நம் கடற்கரைக்குக் குதிரை சொந்தப் பிராணி அல்ல. நம் தட்பவெப்பத்தில் அது நன்றாகப் பெருகாது. அதனால் எப்போதும் கடல் வழியாக விலைக்கு வாங்கித்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் எயிற்பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அந்தத் துறையில் குதிரை இறங்கியதா என்று கேட்காதீர்கள், அதற்கு எனக்குச் சான்று தெரியாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு தேசத்திலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை சீக்கிரமே செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும்.

குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோவில் திருப்பணியில் செலவழித்த மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். நரி பரியாகி, ராத்திரி மறுபடியும் நரியாகி ஊளையிட்ட கதை. அதைப் பெரியம்மா வேறு விதமாகச் சொல்வார்: "காலைல குதிரைன்னு நம்பிக் காசு குடுப்பாங்க, ராவுல பாத்தா நரி. ரேஸும் அப்டிதான்."

ரேஸ் குதிரை இங்கே வந்தது வெள்ளைக்காரர்களோடு. 'தரோபிரெட்' என்று சொல்லப்படும் அந்த இனம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் உருவானது. உள்ளூர்ப் பெட்டைக் குதிரைகளோடு கிழக்கிலிருந்து கொண்டுபோன ஆண் குதிரைகளைச் சேர்த்து உண்டாக்கினார்கள். இன்று உலகத்தில் ஓடும் தரோபிரெட் எல்லாமே தந்தை வழியில் மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடியும்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன். பாண்டியனுக்கு வந்த சரக்கின் சொந்தக்காரர்கள்தான் இங்கிலாந்துக்கும் போயிருக்கிறார்கள். நம் ஊரில் அவை படைக்கும் பவனிக்கும் போய்ச் செத்தன. அங்கே வம்சாவளிப் பதிவேடு எழுதி வளர்த்தார்கள்.

சென்னையில் கிண்டிப் பக்கம் குதிரைப் பந்தயம் 1777இல் தொடங்கியதாகக் கணக்கு. மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896இல். வெள்ளைக்கார அதிகாரிகளும் படைவீரர்களும் இருந்த ஊர்களிலெல்லாம் ஒரு ஓடுதளம் இருந்தது. கோயம்புத்தூரில் காலை நடைக்குப் போகிறவர்கள் 'ரேஸ் கோர்ஸ்' என்கிறார்களே, அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. மதுரையிலும் திருச்சியிலும்கூட ரேஸ் கோர்ஸ் என்ற பெயர் மட்டும் இருக்கிறது, குதிரை இல்லை. தமிழ்நாட்டில் பந்தயம் தொடர்ந்து நிலைத்தது இரண்டே இடத்தில்: குளிர்காலத்துக்குக் கிண்டி, கோடைக்கு ஊட்டி.

இந்தக் காலக் கணக்குதான் என் பெரியப்பாவைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். உப்பளத்தில் வேலை தை, மாசியில் சூடுபிடித்துப் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். அதன் பிறகு வரப்பைக் கட்டி, சேற்றை வாரி, பாத்தியை மிதித்துச் சரிசெய்யும் வரை கணக்குப்பிள்ளைக்கு எழுத ஒன்றுமில்லை. கிண்டியில் சீசன் தொடங்குவது சரியாக நவம்பரில், முடிவது மார்ச்சில். அவர் சும்மா இருக்கும் மாதங்களில்தான் அங்கே குதிரை ஓடும்.

அப்போது இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய், அங்கே சென்னை பஸ்ஸைப் பிடித்து, ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் போனால் கிண்டியிலேயே இறங்கிவிடலாம். பாரிமுனை வரை போகும் சிரமம்கூட இல்லை என்பது அவர் சொல்லும் நியாயம். முதல் நாள் சாயங்காலமே கிளம்பி சைதாப்பேட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, குதிரைகள் பயிற்சி ஓட்டம் ஓடுவதைப் பார்க்க நடந்தே போவார். வேலிக்கு வெளியே நின்று பார்க்க டிக்கெட் எதற்கு? கையில் ஒரு துண்டு பென்சில், மடித்த தாள். எந்தக் குதிரை எந்தக் குதிரையோடு ஓடியது, கடைசியில் யார் தளர்ந்தது, எல்லாம் குறித்துக்கொள்வார்.

நான் கல்லூரிக்குச் சென்னை வந்த பிறகு, 1981இல், என்னையும் ஒருமுறை அழைத்துப் போனார். "அப்பாகிட்ட சொல்லாதே தம்பி" என்பதுதான் அன்றைக்கு அவர் முதலில் சொன்னது. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் ரேஸ் புக் ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தார். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாள் கிடைத்த மாதிரி ஆளாளுக்கு அதை விரித்துவைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக் கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, ரிட்டயரான ரயில்வே கார்டு, லாரி முதலாளி, கல்லூரிப் பேராசிரியர் மாதிரி கண்ணாடி போட்ட ஒருவர். இப்படி ஒரு கூட்டம் சரிசமமாகத் தோளோடு தோள் உட்கார்ந்ததை அதற்கு முன் நான் சினிமாக் கொட்டகையில்கூடப் பார்த்ததில்லை. மேலே உறுப்பினர்கள் இருக்கும் பகுதி தனி. அங்கே கோட்டு போட்ட முதலாளிகள். எம்.ஏ.எம். ராமசாமி அவர்கள் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரலில் ஒரு பக்தி வரும். செட்டிநாட்டு அரண்மனைக்காரரான அவருடைய குதிரைகள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் கிளாசிக் பந்தயங்களை வென்றன. 2015இல் அவர் காலமானபோது பத்திரிகைகள் தொழிலதிபர் என்பதற்குச் சமமாகக் குதிரைக்காரர் என்றும் எழுதின.

அன்று பெரியப்பா எனக்குப் பாடம் நடத்தினார். இன்னும் மறக்கவில்லை. எல்லாத் தரோபிரெட் குதிரைக்கும் இங்கே ஜனவரி 1தான் பிறந்தநாள், எந்த மாதம் பிறந்திருந்தாலும் சரி. ஹேண்டிகேப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு அதிக எடை. சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைத்துக் கூட்டுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் ஆசை. அவர் எங்கே தப்பு செய்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் ரேஸ் பார்க்கிறவனின் வேலை. ஆயிரம் மீட்டர் ஓடுகிற குதிரை வேறு, 2400 மீட்டர் டெர்பி ஓடுகிற குதிரை வேறு. பந்தயத்துக்கு முன் பேடாக்கில் குதிரைகளை நடத்திக் காட்டும்போது மற்றவர்கள் ஜாக்கியைப் பார்ப்பார்கள், நீ பின்னந்தொடையைப் பார். கழுத்தில் நுரைக்க வேர்த்திருந்தால் அது இங்கேயே ஓடி முடித்துவிட்டது என்று அர்த்தம். காது முன்னால் பார்த்து நிற்க வேண்டும். இப்படியே ஒரு மணி நேரம்.

பணம் போடும் விதம் இரண்டு. புக்கி பலகையில் விலை எழுதிவைப்பார். ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு எட்டு என்று. நீங்கள் போட்ட நேரத்து விலைதான் உங்களுக்கு. இன்னொன்று டோட். எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். அதில் வரியையும் கிளப்பின் பங்கையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரிப்பார்கள். வின், பிளேஸ் என்பது சின்ன ஆட்டம். முதல் மூன்று குதிரையை வரிசையாகச் சொன்னால் டனாலா. ஐந்து பந்தயத்தில் ஐந்து வெற்றியையும் சொன்னால் ஜாக்பாட். டோட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பணம்தான் உங்களுக்கு வரும், உங்கள் பணம்தான் அவருக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் ஒரு பங்கு கழிந்துகொண்டே இருக்கும். இதைப் பெரியப்பா எனக்கு எவ்வளவு தெளிவாக விளக்கினார் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம். தெரியாமல் தோற்றவர் இல்லை அவர்.

ஓட்டம் என்று பார்த்தால் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்தான். தூரத்தில் கலர் சட்டைகள் ஒரு கொத்தாகத் திரும்பும். கூட்டம் முதலில் முனகும், பிறகு எழும், பிறகு ஒவ்வொருவரும் ஒரு நம்பரைக் கத்துவார்கள். தரை அதிர்வதைச் செருப்புக் காலில் உணர முடிந்தது. நான் இரண்டு ரூபாய்கூடப் போடவில்லை, ஆனாலும் எழுந்து கத்தினேன். முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி எடையைச் சரிபார்த்த பிறகுதான் பணம் தருவார்கள். அதுவரைக்கும் கிழிக்காமல் சீட்டை வைத்திரு என்றார். அந்தப் பத்து நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி பெரியம்மா பக்கம். ஆறு பவுன் சங்கிலி ஒன்று எப்போதும் மரக்காணத்து அடகுக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது. சீசன் முடிந்து உப்பு விற்றால் வீட்டுக்கு வரும், மழை தொடங்கினால் கடைக்குப் போகும். அவர் சண்டை போட்டதில்லை. "என்னங்க, இந்த வாரம் போவாம இருங்களேன்" என்பதோடு சரி.

1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயப் பந்தயம் கட்டுதலை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது கலைஞர் முதலமைச்சர். ஏழைக் குடும்பங்கள் ரேஸால் அழிகின்றன என்பது அரசின் வாதம். அண்ணா மேம்பாலம் கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதன் பக்கத்தில் திமிறும் குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்கும் சிலை இருக்கிறதே, அது இந்தப் பந்தய ஒழிப்பின் நினைவாக வைத்ததுதான். தினமும் அந்த வழியாக அலுவலகம் போய்வந்த நம்மில் பலருக்கே இது தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்துக்கு ஜெமினி என்று பெயர் வரக் காரணமான ஸ்டூடியோவின் அதிபர் எஸ்.எஸ். வாசன் குதிரை வளர்த்தவர், ரேஸ் பிரியர். ஜெமினி என்ற பெயரே அவருடைய ரேஸ் குதிரையின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. இல்லை, மனைவியின் மிதுன ராசியிலிருந்து வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. முதல் கதை உண்மையாக இருந்தால், ரேஸ் குதிரையின் பெயர் கொண்ட நாற்சந்தியில் ரேஸை ஒழித்ததற்குச் சிலை நிற்கிறது.

தடை வரப்போகிறது என்ற செய்தி மரக்காணத்துக்கு வந்ததும், பெரியம்மா கீழ்புத்துப்பட்டுக்கு வந்து ஐயனாரிடம் வேண்டிக்கொண்டார். ஐயனார் எங்கள் குலதெய்வம். ரேஸ் நின்றால் ஒரு மண் குதிரை வைக்கிறேன் என்பது வேண்டுதல். 1975 மார்ச் 31 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. ரேஸ் கிளப் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது என்ற செய்தியையும் படித்துச் சொன்னார்கள். பெரியம்மா காத்திருக்கவில்லை. வேளாரிடம் சொல்லி, இடுப்பு உயரத்துக்கு ஒரு குதிரை செய்யச் சொன்னார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, குதிரையைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். கால் உடைந்துவிடாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

பெரியப்பாவும் வந்தார். குலதெய்வம் ஆயிற்றே, வராமல் இருக்க முடியுமா? குதிரையை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூசாரி கண் திறந்தபோது ஒதுங்கி நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து முன்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "காலு இவ்ளோ நேரா வச்சிருக்கான் பாரு, இந்தக் காலோட நூறு கஜம் தாங்காது. இதுங்க எல்லாம் ஓடினா எது மொதல்ல வரும்ன்ற?" என்று என்னிடம் கேட்டார். பெரியம்மா காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

கிளப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சட்டத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கிண்டியில் குதிரை மறுபடி ஓடியது. வழக்கு வருஷக்கணக்கில் கிடந்தது. நடுவில் 1986இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. அதையும் எதிர்த்து வழக்கு. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம், இவற்றை ஆராய்ந்து போடுகிறவனின் அறிவு ஆகியவைதான் முடிவு செய்கின்றன, ஆகவே அது சூதாட்டம் ஆகாது. கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் இதைச் சொல்வார்கள். பின்னாளில் செல்போனில் கிரிக்கெட் டீம் அமைத்துப் பணம் கட்டும் விளையாட்டுகளும் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாகப் பிடித்தன.

"வெச்ச குதிரைய திருப்பி எடுத்துக்கலாமா?" என்று பெரியம்மா ஒரு தடவை பூசாரியைக் கேட்டாராம். கூடாது என்று சொல்லிவிட்டார். கொடுத்தது கொடுத்ததுதான்.

பெரியப்பா 2003இல் காலமானார். சாமான்களை ஒழித்தபோது டிரங்குப் பெட்டியில் உப்பளக் கணக்குப் புத்தகங்களோடு ஏழு நீள நோட்டுகள் கிடைத்தன. 1969 முதல் 1988 வரை ஒவ்வொரு ரேஸ் நாளும் அதில் இருந்தது. உப்பு மூட்டைக்கு எழுதிய அதே கையெழுத்து. தேதி, குதிரை, எடை, ஜாக்கி, போட்டது, வந்தது, பிறகு ஒரு குறிப்பு. நான் வங்கியில் வேலை பார்த்தவன், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போட்டது 31,240 ரூபாய். வந்தது 23,990. கைவிட்டுப் போனது 7,250.

நான் பயந்ததைவிடக் குறைவுதான். நூற்றுக்கு இருபத்து மூன்று ரூபாய். ஒரு பக்கம் பார்த்தால் இவ்வளவு படிப்பும் இவ்வளவு விடியற்காலைகளும் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நம்பர் சொல்கிறவனைவிட அவரைப் பெரிதாக மேலே கொண்டுபோகவில்லை. திறமை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. அவரிடம் திறமை இருந்ததும் உண்மை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் அதே திறமை இருந்தது, நடுவில் பங்கும் கழிந்தது.

கணக்கு அங்கே முடியவில்லை. அந்த நோட்டில் பஸ் கட்டணம் இல்லை. சங்கிலியின் அடகு வட்டி இல்லை. ரேஸ் கோர்ஸுக்கு வெளியே, லைசென்ஸ் இல்லாத ஒரு புக்கியிடம் கடன் சொல்லிப் போட்ட பணம் இல்லை. அந்தக் கடனுக்காகத் திண்டிவனத்தில் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கியது இல்லை. அதை அடைக்க 1979இல் விற்ற கடற்கரை ஓரத்து நாற்பது சென்ட் நிலமும் இல்லை. உப்பளத்தில் ஒரு மூட்டை குறைந்தால் ராத்திரி தூங்காத மனிதர் இவர். எதை எழுதுவது, எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலம் இருந்த பக்கம் இன்று என்ன விலை போகிறது என்று நம் குடியிருப்பில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குறிப்புப் பத்தியில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியே இல்லை. 'மழைத் தரை, ஆனாலும் வழுக்கவில்லை.' 'கிழக்குக் காற்று, கடைசித் திருப்பத்தில் வாயைத் திறந்துவிட்டது.' 1978 ஜனவரியில் ஒரு பக்கம்: ஒரு பெட்டைக் குதிரை ஓட்டத்தின் நடுவில் கால் முறிந்து விழுந்திருக்கிறது. திரை கட்டிவிட்டார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறார். அப்படி முறிந்தால் அந்த எலும்பு பெரும்பாலும் சேராது. கால்நடை மருத்துவர் அங்கேயே ஊசி போட்டு முடித்துவிடுவார். அதற்குத்தான் திரை. அந்தப் பந்தயத்தில் அவர் போட்ட குதிரை ஜெயித்திருக்கிறது, பணமும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வாரம் நோட்டில் ஒன்றுமில்லை.

ஊட்டிக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் போனார், 1972இல். கோடையில் உப்பளத்தை விட்டு வர முடியாது என்பதால் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். 'குதிரை வாயில் புகை. பார்க்க நன்றாக இருக்கிறது' என்பதுதான் அந்தப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு. 1988க்குப் பிறகு கண் மங்கியதால் நிறுத்திவிட்டார். ஆனாலும் கடைசி வரை ஆங்கிலப் பேப்பரில் ரேஸ் பக்கத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்.

நம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இதென்ன பெரிய விஷயம், எங்கட பக்கம் குதிரையே இல்லாமல் ரேஸ் விளையாடுவினம்" என்றார். கொழும்பில் பழைய ரேஸ் கோர்ஸில் ஓட்டம் நின்று வெகு காலம் ஆகிவிட்டது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் மட்டும் ஓடும். ஆனால் ஊர் ஊராகப் புக்கிக் கடை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரில் ஓடுகிற குதிரைக்கு, அச்சடித்த தாளைப் பார்த்து இங்கே பணம் கட்டுவார்களாம். குதிரையின் நிறம்கூடத் தெரியாது. பெரியப்பா இருந்திருந்தால் இதை ரேஸ் என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

பிற்காலத்தில் கிண்டியிலும் கொஞ்சம் இப்படித்தான் ஆனது. பெங்களூர், ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா பந்தயங்களைத் திரையில் காட்டி, இங்கிருந்தே பணம் போட வசதி வந்தது. 2023 அக்டோபர் முதல் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்று தெளிவாக்கினார்கள். 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. பெரியப்பாவின் இருபத்து மூன்று ரூபாய்க் கணக்கை இதோடு வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

நிலம் விஷயத்துக்கு வருகிறேன். கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்தை 1945இல் 99 வருஷக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். நம் குடியிருப்பின் மாதப் பராமரிப்புத் தொகையைவிட எவ்வளவோ குறைவு! வாடகையை உயர்த்தியதில் வழக்கு வந்து, பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கணக்குச் சொன்னது. 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று, குத்தகையை ரத்து செய்துவிட்டு, கிண்டி ரேஸ் கோர்ஸ் வாசலில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கிளப் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறியது. 118 ஏக்கரில் பெரிய பூங்கா என்று அரசு அறிவித்தது. அதே சமயத்தில், 2024 அக்டோபர் 5 அன்று, நம் சொந்தக்காரர்கள் பலர் இருக்கும் சிங்கப்பூரில், 1842இல் தொடங்கிய பந்தயம் கிராஞ்சி மைதானத்தில் கடைசி ஓட்டம் ஓடி முடிந்தது. அந்த இடத்தில் வீடுகள் வரப்போகின்றன.

பெரியம்மா அப்போது உயிரோடு இருந்தார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார். சீல் வைத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்: "பெரியம்மா, கிண்டியை மூடிட்டாங்களாம்." அவருக்குக் காது கேட்கச் சிறிது நேரம் ஆனது. "நெசமாவா? இல்ல, மறுபடி கோர்ட்ல தொறப்பாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவரு இருந்தா அழுதிருப்பாரு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. நான் எதிர்பார்த்துதான் போயிருந்தேன்.

வீட்டில் அன்றைக்குப் பேரன் ஹாலில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் டீம் போட்டுக்கொண்டிருந்தான், நாற்பத்தொன்பது ரூபாய் கட்டி. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. பெரியப்பாவுக்குத் திண்டிவனம் பஸ் தவறினால் அந்த வாரம் ரேஸ் இல்லை. மார்ச் முடிந்தால் ஏழு மாதம் ரேஸ் இல்லை. பேரனுக்கு அந்த இடைவெளி எதுவும் இல்லை. எத்தனை தடவை நாற்பத்தொன்பது என்று கேட்டதற்கு, கணக்கு வைக்கவில்லை என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் கேட்ட பிறகு, பெரியம்மாவின் குதிரையைத் தேடிப் பார்த்தேன். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. மழைக்குச் சுட்ட மண் உரிந்து, எத்தனையோ குதிரைகள் காட்டு ஓரத்தில் தலை இல்லாமலும் கால் இல்லாமலும் வேருக்கு நடுவில் கிடக்கின்றன. உடைந்தவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை, மண்ணாகும் வரை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். புதியவை சிமெண்டில் வண்ணம் பூசி நிற்கின்றன. இடுப்பு உயரத்தில், முன்னங்கால் நேராக, ஒரு காது உடைந்த ஒரு குதிரை கிணற்றுப் பக்கம் இருந்தது. அதுவாக இருக்கலாம். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு ஆர்வம் இல்லை, சிமெண்டுக் குதிரை ஒன்றின் மேல் ஏற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. பழைய கிண்டி ரேஸ் புக்கோ, ஊட்டி சீசன் புகைப்படமோ நம் குடியிருப்பில் யார் வீட்டிலாவது பரணில் இருந்தால் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிளப் ஹவுஸ் படிக்கட்டில்தான் இருப்பேன்.